போர்டில் விழுந்தால்

பதினான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
தண்ணீர் நிறைந்தபடி நின்றுவிட்டது மெஷின்.
உள்ளே மாசானமுத்துவின் காக்கி,
பயலின் பள்ளிச் சட்டை இரண்டு.
கதவு திறப்பேனா என்கிறது.
சிவப்பு விளக்கு மட்டும்
ஏதோ சொல்ல வந்தது போல
மூன்று முறை மினுங்கி, நிறுத்தி,
மறுபடி மூன்று முறை.

வாரண்டி பன்னிரண்டு மாதம்.
தவணை பதினெட்டு.
நடுவில் கிடக்கிற ஆறு மாதத்துக்கு
யார் பொறுப்பு என்று
பணகுடியில் யாரிடம் போய்க் கேட்க?

வள்ளியூரிலிருந்து ஜெபஸ்டின் வந்தான்.
வந்து பார்க்க மட்டும் நானூற்றைம்பது.
பின்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தவன்
"அக்கா, இங்கன வாங்க" என்றான்.

பச்சைப் பலகையின் மேல்
கருகிக் கிடந்தது ஒரு பல்லி.
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
சாரலுக்கு வெதுவெதுப்புத் தேடி ஏறியிருக்கும்.
நிறுத்திய பிறகும் உள்ளே ஏதோ கொஞ்சம்
விழித்துக்கொண்டே இருக்குமாம்.
அந்தச் சூடு.

"போர்டு போச்சுக்கா."
"பல்லிய எடுத்துட்டா ஓடாதா?"
"ஒரே ஒரு சிப்புதான் போயிருக்கு.
மேல கோந்து ஊத்தி மூடிருக்கான், தொட முடியாது.
முழுசா மாத்தணும். எட்டாயிரத்து நானூறு.
புதுசே இருபத்திமூணுதான்."
அந்தத் 'தான்' என்ன விலை என்று
அவனுக்குத் தெரியவில்லை.

"சரி, வாரண்டி இருந்திருந்தா?"
அட்டையைத் திருப்பிக் காட்டினான்.
எறும்பு எழுத்து.
எலி, கரப்பான், பல்லி இவற்றால் வரும் பழுது சேராது.
அப்படியென்றால் தெரிந்துதான் இருக்கிறது
பல்லி வரும் என்று.
ஓட்டையை அடைக்காமல்
அட்டையில் எழுதிவிட்டார்கள்.

எங்கள் காலண்டரின் பின்னட்டையில்
பல்லி விழும் பலன் உண்டு.
தோளில் விழுந்தால் வெற்றி.
தலை, நெற்றி, மூக்கு தொடங்கிக்
கணுக்கால் வரைக்கும்
இடம் வலம் பிரித்துப் போட்டிருக்கிறது.
போர்டில் விழுந்தால் என்னவென்று இல்லை.
பயலின் பேனாவை வாங்கிக் கீழே எழுதினேன்:
எட்டாயிரத்து நானூறு.

மாசானமுத்து சாயந்திரம் வந்தார்.
காத்தாடியில் ஏறி இறங்குகிற வேலை அவருக்கு.
அவர் பார்க்கிற ஒன்பதாம் நம்பர்
நான் வயசுக்கு வந்த வருசம் நட்டது.
ஆடிக்காற்றில் கம்பம் உறுமும், நிற்காது.
வருசத்துக்கு இரண்டு தரம் கிரீஸ்.
பல் தேய்ந்தால் பல், போல்ட் போனால் போல்ட்.
பல்லியைப் பார்த்தார், கோந்தைப் பார்த்தார்.
"அதுல கதவு இருக்கு" என்றார்.
"ஆள் உள்ள போக ஏணி இருக்கு."
வேறொன்றும் சொல்லவில்லை.
ஜெபஸ்டின் கதவை நெம்பித் திறந்து எடுத்துவைத்த
காக்கியை வாளியில் போட்டுப் பிழிந்தார்.

ஐந்தாம் தேதி காலையில் செய்தி வந்தது.
தங்கள் பதினைந்தாவது தவணை பெறப்பட்டது. நன்றி.
செத்த மாட்டுக்குப் புண்ணாக்குக் காசு
என்றாள் பக்கத்து வீட்டுக் கோமு.
அவள் வீட்டு மிக்ஸி
மூன்றாவது மோட்டாரில் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம் புதுசு வந்துவிட்டது.
பழசுக்கு இரண்டு தவணை பாக்கி.
ஒரே தேதியில் இரண்டு நன்றி வரும் இனி.
ஜெபஸ்டினே வந்து பொருத்தினான்.
பின்பக்கத் துளைகளுக்கு
கொசுவலை வெட்டி வைத்திருந்தேன்.
"அத ஒட்டுனா வாரண்டி போயிரும்க்கா."

வலையை மடித்து வைத்தேன்.
"இது எத்தன வருசம் வரும்?"
"நல்லா பாத்துக்கிட்டா ஏழு வருசம் தாராளமா வரும்."

சொல்லி முடித்ததும் ஏனோ
எல்லோரும் சுவரைப் பார்த்தோம்,
ஜெபஸ்டினும்தான்.
டியூப்லைட்டுக்குப் பின்னால்
வால் மட்டும் தெரிந்தது.
அது ஒன்றும் சொல்லவில்லை.

பயல்தான் அதைப் பார்த்துக் கேட்டான்,
"அப்ப, மூணு?"